மூன்று கூட்டல் நான்கு ஜே



கொஞ்சம் நீளமான பதிவு. கணிதமோ ஐசிடியோ படிப்பிக்கிற ஆசிரியர்கள் நேரம் ஒதுக்கி வாசித்தால் சந்தோஷம். "நாங்கள்" என்று எழுதுவது பெருமைக்காக அல்ல. கேகாலை மாவட்டத்தில், இறப்பர் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிற ஒரு தமிழ்மொழிப் பாடசாலையில் நாங்கள் இருவர் வேலை செய்கிறோம். ஒருவர் கணிதம், மற்றவர் ஐசிடி. கீழே சொல்லப் போகிற பிழை இருவருக்கும் சொந்தம். அதனால்தான் "நாங்கள்".

எங்கள் பக்கத்தில் உயர்தரக் கணிதப் பிரிவு உள்ள தமிழ்மொழிப் பாடசாலைகள் குறைவு. எங்களிடம் இருப்பது ஆறு பிள்ளைகள். இரசாயனவியலுக்கு ஆசிரியர் இல்லை. ஆகவே இணைந்த கணிதம், பௌதிகவியல், ஐசிடி என்ற மூன்று பாடங்களை எடுத்திருக்கிறார்கள். எங்களுக்கும் பட்டம் இல்லை, கல்வியியற் கல்லூரி டிப்ளோமாதான். இரவில் படித்துவிட்டுக் காலையில் படிப்பிக்கிறோம். பிள்ளைகளுக்கும் அது தெரியும்.

போன தவணைப் பரீட்சையில் சிக்கலெண்களில் ஒரு சின்னக் கேள்வி வந்தது. ஓர் இருபடிச் சமன்பாடு, குணகங்கள் 1, −6, 25. மூலங்களைக் காண வேண்டும். விடை 3+4ஐ, 3−4ஐ. (பாடப்புத்தகத்தில் ஆங்கிலச் சின்ன எழுத்தாக வருவதை இங்கே ஐ என்றும் ஜே என்றும் தமிழிலேயே எழுதுகிறோம்.) ஒரு பிள்ளை செய்கையெல்லாம் சரியாகச் செய்துவிட்டு, கடைசி வரியில் 3+4ஜே, 3−4ஜே என்று எழுதியிருந்தாள். அதோடு இரண்டையும் அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தாள். எங்களில் கணிதம் படிப்பிப்பவர் சிவப்புப் பேனையால் ஜே-யைச் சுற்றி வட்டம் போட்டு, பக்கத்தில் "இது என்ன?" என்று எழுதி, அந்தப் புள்ளிகளை வெட்டிவிட்டார்.

கேள்விக்குறி போட்டுவிட்டோமே தவிர, கேட்கவில்லை. பேப்பரைக் கொடுத்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டோம்.

அதே கிழமை கொம்பியூட்டர் லேப்பில் எங்களில் மற்றவர் பைதன் படிப்பித்துக்கொண்டிருந்தார். அந்தப் பிள்ளை தானாகவே ஒரு சின்னப் புரோகிராம் எழுதியிருந்தாள். ஒரு சிக்கலெண்ணை விசைப்பலகையில் கொடுத்தால் அதன் மட்டைச் சொல்ல வேண்டும். 3+4ஜே கொடுத்தால் 5 வர வேண்டும். அவள் கொடுத்தது, மூன்று, ஓர் இடைவெளி, கூட்டல், ஓர் இடைவெளி, நான்கு ஜே. புத்தகத்தில் அச்சாகியிருப்பது போலவே. திரையில் வெல்யூ எரர் என்று சிவப்பு எழுத்து.

அவள் சத்தம் போடவில்லை. மெதுவாகச் சொன்னாள்: "சேர், பேப்பர்லயும் பிழை, கொம்பியூட்டர்லயும் பிழை. எனக்குக் கணக்கு வராது சேர். ஆர்ட்ஸுக்கு மாறிக்கிறேன்."

அன்று பின்னேரம் மழை. கரண்டும் போய்விட்டது. ஸ்டாஃப் ரூமில் நாங்கள் இருவரும் ஃபோன் வெளிச்சத்தில் அந்தப் பேப்பரை மீண்டும் எடுத்துப் பார்த்தோம். அப்போதுதான் விளங்கியது. அவள் வீட்டுவேலையை லேப்பில் பைதனில் சரிபார்த்திருக்கிறாள். பைதன் எப்படிக் காட்டியதோ அப்படியே பரீட்சையில் எழுதியிருக்கிறாள். ஒருவர் லேப்பில் ஜே என்று காட்டினோம், மற்றவர் வகுப்பில் ஐ என்று எழுதினோம். இரண்டும் ஒன்று என்று இருவருமே சொல்லிக் கொடுக்கவில்லை. நடுவில் பிள்ளை மாட்டிக்கொண்டாள்.

அதன் பிறகு இரண்டு கிழமை நாங்கள் இதைத்தான் படித்தோம். ஒரு சிக்கலெண்ணை எழுத்தாக எழுதிக் காட்டுவது இவ்வளவு பெரிய விஷயம் என்று முன்பு நினைத்ததே இல்லை. படித்ததில் சிலதைச் சொல்கிறோம்.

முதலில் இந்த ஜே எங்கிருந்து வந்தது? மைனஸ் ஒன்றின் வர்க்கமூலத்துக்கு ஐ என்ற குறியீட்டை ஒய்லர் 1777இல் பயன்படுத்தினார். கணிதக்காரர்கள் அதையே வைத்துக்கொண்டார்கள். ஆனால் மின்பொறியியலாளருக்கு ஐ என்றால் மின்னோட்டம். எங்கள் பௌதிகவியல் பிள்ளைகளுக்கும் அப்படித்தானே! ஸ்டைன்மெட்ஸ் என்ற பொறியியலாளர் 1893இல் ஆடலோட்டக் கணக்குகளைச் சிக்கலெண்களால் செய்து காட்டியபோது ஜே என்றுதான் எழுதினார். பொறியியலில் அந்த வழக்கம் நின்றுவிட்டது. பைதன் எடுத்துக்கொண்டது பொறியியலாளரின் எழுத்தை. ஆக, அந்தப் பிள்ளை எழுதியது பிழையான எழுத்து அல்ல. உலகம் முழுக்க மின்பொறியியல் மாணவர்கள் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

அடுத்தது அடைப்புக்குறி. பைதனில் 3+4ஜே-யை அச்சிடச் சொன்னால் அடைப்புக்குறியோடுதான் வரும். 4ஜே மட்டும் என்றால் அடைப்புக்குறி இல்லை. இது வீண் அலங்காரம் இல்லை. அடைப்புக்குறி இல்லாமல் 3+4ஜே என்று எழுதி, யாராவது அதன் முன்னால் 2 பெருக்கல் என்று ஒட்டினால், பெருக்கல் 3ஐ மட்டும் பிடித்துக்கொள்ளும். 6+8ஜே வரவேண்டிய இடத்தில் 6+4ஜே வரும். இரண்டு பகுதியும் சேர்ந்து ஓர் எண் என்பதை அடைப்புக்குறி காக்கிறது. ஆனால் "இரண்டு தசமதானத்துக்குக் காட்டு" என்று ஃபோர்மட் சொன்னால் அதே பைதன் 3.00+4.00ஜே என்று அடைப்புக்குறியைக் கழற்றிவிட்டுக் காட்டும். ஒரே மொழிக்குள்ளேயே இரண்டு வழக்கம்.

பிறகு அந்த இடைவெளி. பிள்ளையைக் கவிழ்த்தது அதுதான். புரோகிராம் வரிக்குள் 3, இடைவெளி, கூட்டல், இடைவெளி, 4ஜே என்று எழுதலாம். அங்கே அது ஒரு கூட்டல் கணக்கு, பைதன் செய்து முடிக்கும். ஆனால் அதையே எழுத்துத் தொடராகக் கொடுத்து, "இதைச் சிக்கலெண்ணாக மாற்று" என்றால், நடுக் கூட்டலைச் சுற்றி இடைவெளி இருக்கவே கூடாது. முன்னும் பின்னும் இருக்கலாம். வெளியே அடைப்புக்குறி இருக்கலாம். நடுவில் மட்டும் கூடாது. அவள் கணக்கில் ஒரு பிழையும் இல்லை. இரண்டு இடைவெளிகள் மட்டும்தான்.

இன்னொன்று. வெறும் ஜே என்று எழுதினால் பைதன் அதை ஏதோ ஒரு மாறியின் பெயர் என்று நினைக்கும். 1ஜே என்று எழுத வேண்டும். நாங்களோ கரும்பலகையில் குணகம் ஒன்று என்றால் எழுதாமல் விடச் சொல்கிறோம்!

மற்ற மொழிகளையும் பார்த்தோம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சமையல் என்பது போல. ஃபோர்ட்ரான் பழைய காலத்திலிருந்தே அடைப்புக்குறிக்குள் கமா போட்டு (3.0, 4.0) என்ற மாதிரி, ஆள்கூறு போல எழுதுகிறது. சி பிளஸ் பிளஸ் (3,4) என்று அச்சிடும். ஆர் மொழி 3+4ஐ என்று, கிட்டத்தட்ட எங்கள் புத்தகம் போல. கோ மொழி அதையே அடைப்புக்குறிக்குள் வைக்கிறது. ஜூலியா ஐ என்று ஓர் எழுத்துப் போடாமல், கற்பனை என்பதைக் குறிக்க "ஐஎம்" என்று இரண்டு எழுத்துப் போடுகிறது. சி மொழியில் 1999 தரத்தோடு சிக்கலெண் வந்தது. ஆனால் அதை அச்சிடத் தனிக் குறி கொடுக்கவில்லை. மெய்ப்பகுதியையும் கற்பனைப்பகுதியையும் நாமே பிரித்து, நாமே ஒட்டி அச்சிட வேண்டும்.

இதில் எங்களை அதிகம் யோசிக்க வைத்தது அந்தக் கமா. 1,000 ரூபாய் நாட்சம்பளத்துக்காக எங்கள் பிள்ளைகளின் பெற்றோர் எத்தனை வருடம் பேசினார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். 2021 மார்ச்சில் 900 கூட்டல் 100 என்று அது வர்த்தமானியில் வந்தது. அந்த 1,000 என்பதை ஜெர்மனியில் ஒருவரிடம் எழுதிக் காட்டினால், அவர் "ஒன்று" என்று வாசிப்பார். அங்கே தசமப் புள்ளிக்குப் பதில் கமா. அப்படியானால் மூன்றரையும் நான்கு தசம் இரண்டும் கொண்ட ஒரு சிக்கலெண்ணைக் கமா போட்டுப் பிரித்தால், ஜெர்மன் வழக்கில் (3,5, 4,2) என்று வரும். எந்தக் கமா எண்ணுக்குள் இருக்கிறது, எந்தக் கமா இரண்டு எண்களைப் பிரிக்கிறது? சி பிளஸ் பிளஸ் தரநிலையே இந்தக் குழப்பம் வரும் என்று ஒரு குறிப்பாகச் சொல்லி வைத்திருக்கிறது. மைக்ரோசொஃப்டின் டொட்நெட் பல வருடம் (3, 4) என்று காட்டிவிட்டு, 2023இல் வந்த எட்டாம் பதிப்பில் கோண அடைப்புக்குறியும் அரைப்புள்ளியுமாக <3; 4> என்று மாற்றிவிட்டது. உலகத்தின் பெரிய பொறியியலாளர்களே இதை எப்படி எழுதுவது என்று இன்னும் மாற்றி மாற்றிப் பார்க்கிறார்கள். நாங்கள் ஒரு தோட்டத்துப் பிள்ளைக்குச் சிவப்பு வட்டம் போட்டுவிட்டோம்.

இன்னும் நுணுக்கமான ஒன்று. லேப்பில் 3+0ஜே-யின் உடன்புணரியைக் கேட்டால் பைதன் (3−0ஜே) என்று காட்டும். பிள்ளைகள் சிரித்தார்கள், "மைனஸ் பூச்சியமா சேர்?" என்று. நாங்களும் முதலில் சிரித்தோம். பிறகு பார்த்தால், கொம்பியூட்டர் பூச்சியத்துக்கும் கூட்டல் கழித்தல் அடையாளத்தை வைத்துக்கொள்கிறது, அதற்கு வேலையும் இருக்கிறது. மைனஸ் 4இன் வர்க்கமூலத்தைக் கேட்கும்போது கற்பனைப்பகுதியை +0 ஆகக் கொடுத்தால் 2ஜே வரும், −0 ஆகக் கொடுத்தால் −2ஜே வரும். ஆகண் வரிப்படத்தில் அந்தக் கோட்டுக்கு மேலிருந்து வந்தோமா கீழிருந்து வந்தோமா என்பதை அந்தப் பூச்சியத்தின் அடையாளம் ஞாபகம் வைத்திருக்கிறது. "பூச்சியம்தானே" என்று அடையாளத்தை அழித்துக் காட்டினால், பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஒரு தகவல் போய்விடும்.

மட்டு 1, கோணம் பை என்று கொடுத்தால் வரைபடத்தில் சரியாக −1இல் போய் நிற்க வேண்டும். பைதன் −1 என்று காட்டிவிட்டு, பின்னால் 1.22 பெருக்கல் பத்தின் மைனஸ் 16ஆம் வலு அளவுக்கு ஒரு கற்பனைப்பகுதியையும் வாலாக ஒட்டிக் காட்டும். பை-யை முழுமையாக எழுதிவைக்கக் கொம்பியூட்டரில் இடமில்லை, அதனால் வருகிற மிச்சம் அது. இரண்டு தசமதானத்துக்குக் காட்டச் சொன்னால் −1.00+0.00ஜே என்று வால் மறைந்துவிடும். மறைவது காட்சியில் மட்டும்தான், எண்ணுக்குள் அது இருக்கும்.

இவ்வளவையும் பார்த்த பிறகு எங்களுக்கு ஒன்று தெளிவானது. எழுதிக் காட்டுவதில் இரண்டு வேலை இருக்கிறது. ஒன்று, மனிதன் வாசிப்பதற்காக எழுதுவது. மற்றது, அதே எழுத்தை மீண்டும் வாசித்து அதே எண்ணை எடுப்பதற்காக எழுதுவது. புத்தகம் முதல் வேலையைச் செய்கிறது. பைதன் சாதாரணமாக அச்சிடும்போது இரண்டாவதை நினைத்துச் செய்கிறது. அது எழுதியதை அதனிடமே திருப்பிக் கொடுத்தால், அடைப்புக்குறியோடு, மைனஸ் பூச்சியத்தோடு, ஒரு துளி குறையாமல் அதே எண் வரும். இரண்டுமே நியாயம்தான். எது எந்த இடத்துக்கு என்று சொல்லிக் கொடுக்காததுதான் குற்றம்.

போய்த் திரும்பி அதே ஆளாக வருவது எவ்வளவு கஷ்டம் என்று எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லத் தேவையில்லை. தோட்டத்தில் பிறந்த பிள்ளையின் பெயரைத் தகப்பன் தமிழில் சொல்கிறார். எழுதுகிறவர் சிங்களத்தில் எழுதுகிறார். பிறகு யாரோ அதை ஆங்கிலத்துக்கு மாற்றுகிறார்கள். தமிழில் ஒரே "த". ஆங்கிலத்தில் அதற்கு இரண்டு மூன்று வழி. திரும்பித் தமிழுக்கு வரும்போது வேறு ஒரு பிள்ளை நிற்கிறாள். எங்கள் ஆட்களுக்கும் இதே கதைதான். முஹம்மத் என்ற ஒரு பெயர் ஒரே குடும்பத்துச் சான்றிதழ்களில் எத்தனை விதமாக இருக்கிறது என்று உங்கள் வீட்டு அலுமாரியைத் திறந்து பாருங்கள்.

அந்தப் பிள்ளைக்கும் இது நடந்தது. பரீட்சைக்காக அடையாள அட்டைக்கு விண்ணப்பித்தபோது, பிறப்புச் சான்றிதழிலும் பாடசாலைப் பதிவிலும் பெயரில் ஓர் எழுத்து வித்தியாசம். படிவம் திரும்பி வந்தது. தகப்பன் வேலையை விட்டுவிட்டு இரண்டு நாள் அலைந்தார். அவர்கள் வீட்டில் யாரும் "எழுதினவர் பிழையாக எழுதிவிட்டார்" என்று சொல்லவில்லை. "நம்ம பேருல ஏதோ பிழை" என்றுதான் சொன்னார்களாம். படிவம் திரும்பி வந்தால் தன்னில்தான் பிழை என்று நினைத்துப் பழகிய பிள்ளை, சிவப்பு எழுத்தையும் சிவப்பு வட்டத்தையும் வேறு எப்படி வாசிப்பாள்?

அடுத்த நாள் வகுப்பில் ஆறு பேருக்கும் முன்னால் நாங்கள் இருவரும் சேர்ந்து போய் நின்றோம். பேப்பரை வாங்கி, வெட்டிய புள்ளிகளைத் திருப்பிப் போட்டோம். பிழை எங்களுடையது என்று சொன்னோம். அவள் தலையைக் குனிந்துகொண்டே இருந்தாள். பக்கத்தில் இருந்த பையன்தான் கேட்டான்: "அப்ப சேர், ஏ.எல். பேப்பர்ல எதை எழுதுறது?" நல்ல கேள்வி. ஏ.எல். கணித விடைத்தாளில் ஐ, பைதனில் ஜே என்று கரும்பலகையில் பெரிதாக எழுதினோம். திருத்துகிறவர் எங்களைப் போலத்தான் இருப்பார், அவரிடம் விளக்கம் சொல்ல நீங்கள் பக்கத்தில் இருக்க மாட்டீர்கள் என்றும் சொன்னோம்.

பிறகு அவளிடம் ஒரு வேலை கொடுத்தோம். பைதன் தருகிற விடையைப் பாடப்புத்தகம் போல அச்சிடுகிற ஒரு ஃபங்ஷன் எழுது என்று. மெய்ப்பகுதியை எடு, கூட்டல் போடு, கற்பனைப்பகுதியை எடு, ஐ போடு, அவ்வளவுதானே என்று எல்லோரும் நினைத்தோம். முதல் விடை சரியாக வந்தது. இரண்டாவது 3+−4ஐ என்று வந்தது. கூட்டலும் கழித்தலும் பக்கத்தில் பக்கத்தில்! மறை எண் என்றால் கூட்டல் போடாதே என்று திருத்தினாள். அடுத்து 3+1ஐ என்று வந்தது. புத்தகத்தில் 3+ஐ என்றல்லவா இருக்கும். பிறகு 0+2ஐ. பிறகு 5+0ஐ. ஒவ்வொன்றாக அடைத்துவிட்டு, எல்லாம் முடிந்தது என்று இருந்தபோது, இரண்டு பகுதியும் பூச்சியமாக இருக்கிற எண்ணுக்கு அவளுடைய ஃபங்ஷன் எதையுமே அச்சிடவில்லை. வெறும் வெற்று வரி. இரண்டு பூச்சியத்தையும் மறைத்தால் எண்ணே காணாமல் போய்விடும். அன்றுதான் அவள் சத்தமாகச் சிரித்ததைப் பார்த்தோம்.

மூன்று நாள் எடுத்தாள். பன்னிரண்டு வரிகள். இடைவெளியோடு கொடுத்தாலும் வாசிக்கிற மாதிரி, வாசிப்பதற்கு முன் இடைவெளிகளை நீக்குகிற ஒரு வரியையும் தானாகவே சேர்த்திருந்தாள். "யாராவது புத்தகத்துல இருக்கிற மாதிரி அடிச்சா அவங்களுக்கும் வரணும்ல சேர்" என்றாள்.

இந்த வேலையை அவமானமாக நினைக்கத் தேவையில்லை என்று பிள்ளைகளுக்குப் பழைய கதையும் சொன்னோம். எங்கள் அல்குவாரிஸ்மி ஒன்பதாம் நூற்றாண்டில் அல்ஜப்ர் பற்றி எழுதியபோது குறியீடே கிடையாது. சமன்பாடு முழுவதும் வசனம். 1545இல் கார்டானோ, மைனஸ் பதினைந்தின் வர்க்கமூலத்தை ஐந்தோடு கூட்டி எழுதிவிட்டு, இதனால் பயனில்லை என்று நினைத்தார். 1572இல் பொம்பெல்லி அதற்குக் குறியீடு இல்லாமல் சொற்களாலேயே விதி எழுதினார். 1637இல் டேகார்ட் அதற்குக் கற்பனை என்று பெயர் வைத்தார். ஐ என்ற ஓர் எழுத்து வந்து சேர, கார்டானோவிலிருந்து இருநூறு வருடத்துக்கும் மேல் போனது. எண் முதலே இருந்தது. அதை எப்படி எழுதுவது என்பதில்தான் மனிதன் தடுமாறினான்.

ஆசிரிய நண்பர்களே, ஒரு வேண்டுகோள். உங்கள் பாடசாலையில் கணிதமும் ஐசிடியும் வெவ்வேறு ஆட்கள் படிப்பிக்கிறார்கள் என்றால், ஒரு நாள் ஒன்றாக உட்கார்ந்து குறியீடுகளை ஒப்பிட்டுப் பாருங்கள். சிக்கலெண் மட்டுமல்ல, வலு, மடக்கை, வகுத்தல் எல்லாமே இரண்டு இடத்தில் இரண்டு விதமாக இருக்கின்றன. விடைத்தாளில் தெரியாத ஓர் எழுத்தைக் கண்டால் வட்டம் போடுவதற்கு முன் பிள்ளையைக் கூப்பிட்டு எங்கே படித்தாய் என்று கேளுங்கள். நாங்கள் கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும்.

அவள் ஆர்ட்ஸுக்கு மாறவில்லை, அல்ஹம்துலில்லாஹ். அடையாள அட்டையும் வந்துவிட்டது, பெயர் இந்த முறை சரியாக இருக்கிறது. வகுப்பில் அட்டையைக் காட்டும்போது ஒவ்வோர் எழுத்தாக விரலை வைத்து வாசித்துக் காட்டினாள். எங்கள் ஆறு பிள்ளைகளுக்கும் இந்த வருடம் பரீட்சை. துஆ செய்யுங்கள்.